பித்து என்றொரு தீர்ப்பு

1

உளவியல் திகில் நாவல்களில் ஒரு வகைமாதிரி நன்றாக நிலைபெற்றுவிட்டது. ஒரு சிறிய ஊர். எங்கிருந்தோ வந்து சேரும் ஒரு போதகன். அவன் சொல்லில் கட்டுண்டு வீட்டையும் உறவையும் உதறும் ஓர் இளம்பெண். அவளை மீட்கத் துடிக்கும் ஒரு சகோதரன் அல்லது காதலன். கடைசி அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கி வெடிக்கும். போதகன் விழுவான். பெண் கனவிலிருந்து விழித்தவள்போலக் கண்ணீருடன் வீடு திரும்புவாள். வாசகன் நிம்மதிப் பெருமூச்சுடன் புத்தகத்தை மூடிவைப்பான்.

1906-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி காலை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முதல் அவென்யூவில் இருந்த ஒரு மருந்துக்கடை வாசலில் இந்தக் கதை ஏறத்தாழ இப்படியே நடந்து முடிந்தது. ஜார்ஜ் மிட்செல் என்னும் இளைஞன், பிரான்ஸ் எட்மண்ட் கிரெஃபீல்ட் என்னும் போதகனைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். தப்பி ஓட முயலவில்லை. போலீஸ் வரும்வரை காத்திருந்தான். தன் தங்கையைக் கெடுத்தவனைக் கொன்றேன் என்றான். நகரம் அவனைக் கொண்டாடியது. இரண்டு மாதங்களில் நடுவர் குழு அவனை விடுதலை செய்தது. நாவலாக இருந்தால் இங்கே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும்.

வரலாறு இன்னும் இரண்டு நாட்கள் காத்திருந்தது. ஜூலை 12 அன்று, ஊருக்குத் திரும்ப ரயில் நிலையத்துக்கு வந்த ஜார்ஜைப் பின்னாலிருந்து ஒருவர் சுட்டுக் கொன்றார். சுட்டவள் எஸ்தர் மிட்செல். அவன் எந்தத் தங்கைக்காகக் கொலைகாரனானானோ, அதே தங்கை.

இந்த வழக்கைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது என்னை உலுக்கியது அந்த இரண்டாவது துப்பாக்கிச் சத்தம்தான். அதை விளக்க முயன்ற அன்றைய அமெரிக்கா கையிலெடுத்த சொல் ஒன்றே ஒன்று: பித்து. ஆனால் அந்தச் சொல் இந்தக் கதைக்குள் அப்போதுதான் முதன்முறையாக நுழையவில்லை. மூன்று ஆண்டுகளாக அது வெவ்வேறு ஆட்களின்மீது, வெவ்வேறு காரணங்களுக்காக ஒட்டப்பட்டும் கழற்றப்பட்டும் வந்திருந்தது. அந்தச் சொல்லின் பயணத்தைத் தொடர்ந்து சென்றால், திகில் நாவல்கள் காட்டாத சில இடங்களை நாம் பார்க்க முடியும்.

2

ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் ஆற்றங்கரையில் இருக்கிறது கோர்வாலிஸ். 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை சுமார் 1,800. ஒரு வேளாண் கல்லூரி, சில தேவாலயங்கள், ஒரு கடைத்தெரு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர். அந்த ஊருக்கு 1903-இல் கிரெஃபீல்ட் வந்தான். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவன். முன்பு இரட்சணிய சேனையில் ஊழியம் செய்து, பிறகு அதிலிருந்து விலகியவன். தோற்றத்தில் கவர்ச்சியானவன் என்று எவரும் எழுதவில்லை. குள்ளமான, ஒல்லியான மனிதன்.

அவனுடைய போதனையின் வேர்கள் அந்நியமானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் புரட்டஸ்தாந்த சபைகளுக்குள் பரவியிருந்த பரிசுத்த இயக்கத்தின் மொழியையே அவனும் பேசினான். மனிதன் பாவத்திலிருந்து முழுமையாகத் தூய்மை அடைய முடியும். ஆவியானவர் நேரடியாகப் பேசுவார். உலகப் பொருட்கள் தடைகள். கோர்வாலிஸில் அவனைப் பின்தொடர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே இரட்சணிய சேனைக் கூட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். பெரும்பாலோர் பெண்கள். வசதியான, மதிப்புள்ள குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்களும் மகள்களும்.

அந்தக் கோடையில் ஊருக்குத் தெற்கே ஆற்றிடைக் குறையான கைகர் தீவில் அவர்கள் முகாமிட்டார்கள். தரையில் விழுந்து உருண்டு, மணிக்கணக்கில் அழுது ஜெபித்தார்கள். 'ஹோலி ரோலர்ஸ்', அதாவது புனிதமாய் உருளுபவர்கள் என்ற ஏளனப் பெயர் அவர்கள்மேல் விழுந்தது. அது பரவசத்தோடு வழிபடும் எவரையும் கேலி செய்ய அன்று அமெரிக்கா முழுக்கப் பயன்பட்ட பெயர். கிரெஃபீல்ட் தன்னை யோசுவா என்று அழைத்துக்கொண்டான்.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. 1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸின் அசூஸா தெருவில், வில்லியம் சீமோர் என்னும் கறுப்பினப் போதகரின் கூட்டங்களில் மக்கள் அந்நிய பாஷைகளில் பேசினார்கள், தரையில் விழுந்தார்கள். அந்நகரின் பெரிய நாளிதழ் ஏப்ரல் 18 அன்று அவர்களைப் பித்தர்கள் என்ற தொனியிலேயே எழுதியது. அந்தக் கூட்டம்தான் பெந்தேகொஸ்தே இயக்கத்தின் முக்கியமான ஊற்றுக்கண். இன்று கோடிக்கணக்கான மக்களின் சமயம் அது. தமிழகச் சிற்றூர்கள் வரை அதற்குச் சபைகள் உண்டு. விளிம்பில் பிறக்கும் எல்லா நம்பிக்கையும் ரத்தத்தில் முடிவதில்லை. தரையில் உருண்டதால் கோர்வாலிஸின் கதை சீரழியவில்லை. குழு தன் கதவை மூடிக்கொண்டதும், அதற்கு ஊர் கொடுத்த பதிலும்தான் அதைச் சீரழித்தன.

3

1903 இலையுதிர் காலத்தில் மழை தொடங்கியதும் குழு தீவிலிருந்து ஊருக்குள் வந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்தது ஓ. வி. ஹர்ட் என்பவரின் வீடு. ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பணிபுரிந்த, எல்லோராலும் மதிக்கப்பட்ட மனிதர் ஹர்ட். அவருடைய மனைவி சாராள், மகள்கள் மோட், மே, மகன் பிராங்க், மருமகள் என்று குடும்பமே கிரெஃபீல்டின் பக்கம் சென்றுவிட்டது. சில நாட்களுக்கு ஹர்ட்டும்கூட. பிறகு அவர் மட்டும் வெளியே வந்தார்.

அந்த வீட்டு முற்றத்தில்தான் கோர்வாலிஸ் மறக்காத நெருப்பு எரிந்தது. நாற்காலிகள், கம்பளங்கள், நல்ல ஆடைகள், சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றை ஆண்டவரின் கட்டளை என்று சொல்லி வெளியே கொண்டுவந்து எரித்தார்கள், உடைத்தார்கள். வேலியோரத்துப் பூச்செடிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். பெண்கள் தொப்பிகளையும் காலணிகளையும் துறந்து, விரித்த கூந்தலும் எளிய அங்கியுமாக இருந்தார்கள். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் நாயும் பூனையும்கூட எரிக்கப்பட்டதாக எழுதினார்கள். அன்றைய செய்திகளுக்கும் பிற்காலக் கதைசொல்லிகளின் உப்புக்காரத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது இந்த வழக்கில் எளிதன்று. எரிந்தது என்ன என்பதைவிட, எரிப்பவர்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சிதான் ஊரை அச்சுறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நடுத்தரக் குடும்பம் இருபது ஆண்டுகள் சேர்த்த அனைத்தையும் அக்குடும்பத்துப் பெண்களே நெருப்பில் இடும்போது, மற்ற வீடுகளின் ஆண்கள் தங்கள் வீட்டு நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

பித்து என்ற சொல் முதன்முறையாக இப்போது வருகிறது. கிரெஃபீல்டையும் அவனுடைய துணைவனையும் பிடித்துவந்து மனநலப் பரிசோதனை செய்தார்கள். சித்தசுவாதீனம் உள்ளவர்கள் என்றே முடிவு வந்தது. ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போகவில்லை. 1904 ஜனவரி 4 இரவு, ஊர் ஆண்களின் கூட்டம் ஒன்று அவர்களை ஊர் எல்லைக்கு இழுத்துச் சென்று, ஆடை களைந்து, உடல் முழுக்கத் தாரும் இறகும் பூசி விரட்டியது. சட்டத்தின் பெயரால் செய்ய முடியாததைச் செய்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். சில நாட்களிலேயே மோட் ஹர்ட் கிரெஃபீல்டைத் திருமணம் செய்துகொண்டாள். துன்புறுத்தப்பட்ட தீர்க்கதரிசி என்ற பட்டத்தைத் தாரும் இறகும் அவனுக்குத் தந்துவிட்டன.

மார்ச் மாதம் இன்னொரு திருப்பம். போர்ட்லேண்டில் வாழ்ந்த டோனா ஸ்டார் என்னும் மணமான பெண்ணோடு அவன் உறவு கொண்டிருந்தான் என்று அவளுடைய கணவர் புகார் கொடுத்தார். அன்றைய ஓரிகனில் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டோனா, எஸ்தருக்கும் ஜார்ஜுக்கும் அக்கா. கிரெஃபீல்ட் மறைந்தான். அவன் தலைக்கு ஹர்ட்டே முன்னின்று பரிசு அறிவித்தார்.

இந்த மாதங்களில்தான் அந்தச் சொல் இரண்டாம் முறை பயன்பட்டது, இம்முறை பலனுடன். கிரெஃபீல்டைப் பின்பற்றியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டுச் சேலத்தில் இருந்த மாநில மனநோயாளர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மோட், அவள் தாய், தங்கை, சகோதரன், அவன் மனைவி என்று ஹர்ட் குடும்பமே அங்கே சென்றது. வயது குறைந்த எஸ்தரைப் போர்ட்லேண்டில் ஒரு சிறார் காப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். உணவை மறுத்தார்கள், தரையில் முகங்குப்புறக் கிடந்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. இவையே பித்தின் அடையாளங்கள். போதகன் சித்தசுவாதீனம் உள்ளவன். அவன் சொன்னதை நம்பியவர்கள் பித்தர்கள். இந்த முரணை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மகளையும் மனைவியையும் வேறு எந்த வழியிலும் மீட்க முடியாத குடும்பங்களுக்குச் சட்டம் கொடுத்த ஒரே கருவி அது. அன்பின் பெயரால்தான் அது பயன்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஜூலை இறுதியில் ஹர்ட் வீட்டுச் சிறுவன் ஒருவன் எதையோ தேடி வீட்டின் அடியில் குனிந்து பார்த்தான். தரைப்பலகைக்குக் கீழே, மண்ணில் தோண்டிய குழியில், எலும்பும் தோலுமாய், ஆடையின்றிக் கிடந்தான் கிரெஃபீல்ட். ஊரும் மாநிலமும் தேடிய மனிதன், பரிசு அறிவித்தவரின் படுக்கைக்குச் சில அடிகள் கீழே பல வாரங்கள் வாழ்ந்திருக்கிறான். வீட்டுப் பெண்கள் ரகசியமாக உணவு கொடுத்தார்கள். அவர்களும் காப்பகத்துக்குப் போனபின் அந்த உணவும் நின்றது. எந்த நாவலாசிரியனும் இந்தப் படிமத்தை எழுதத் தயங்குவான், மிகை என்று.

நீதிமன்றத்தில் அவன் எதையும் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை. பெண்கள் காப்பகத்திலிருந்து தெளிந்தவர்களாக வீடு திரும்பினார்கள். மோட் அவனை விவாகரத்து செய்தாள். ஊர் அமைதியானது.

4

1905 டிசம்பரில், நன்னடத்தையின் பேரில் தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே கிரெஃபீல்ட் விடுதலையானான். அடுத்த ஏப்ரலில் மோட் அவனை மறுபடியும் மணந்தாள். அவன் பழைய சீடர்களுக்குச் செய்தி அனுப்பினான்: ஓரிகன் கடற்கரையில், வால்ட்போர்ட்டுக்குத் தெற்கே, புதிய ஏதேன் அமையப்போகிறது, வாருங்கள். அவர்கள் சென்றார்கள். கணவர்களையும் சிலர் குழந்தைகளையும் விட்டுவிட்டுச் சென்றார்கள். எஸ்தரும் சென்றாள். பாவ நகரங்கள் அழியும் என்று அவன் சபித்திருந்ததாகவும், அவற்றில் சான் பிரான்சிஸ்கோவும் ஒன்று என்றும் சொல்லப்பட்டது. ஏப்ரல் 18 அதிகாலை சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் இடிந்து, தீயில் கருகியது. நம்பிக்கைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆண்கள் இப்போது துப்பாக்கிகளை எடுத்தார்கள். மனைவியையும் மகளையும் இழந்த லூயிஸ் ஹார்ட்லி என்பவர், நியூபோர்ட் படகுத்துறையில் கிரெஃபீல்டை நோக்கிப் பலமுறை விசையை அழுத்தினார். தோட்டாக்கள் அந்தத் துப்பாக்கிக்கு உரியவை அல்ல. ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதைப் பார்த்த பெண்களுக்கு அது இன்னொரு அற்புதம்.

ஜார்ஜ் மிட்செல் தொடர்ந்து தேடிச் சென்று சியாட்டிலில் அவனைக் கண்டுபிடித்தான். அங்கே கிரெஃபீல்ட் மோட்டுடன் தெருவில் நடந்துகொண்டிருந்தான். ஒரே ஒரு குண்டு. மோட் முதலில் ஜார்ஜ்மீது பாய்ந்தாள். பிறகு, தன் கணவன் இறக்க முடியாது, சில நாட்களில் எழுந்துவிடுவான் என்றாள். ஓரிகன் கடற்கரையில், ஹெசெட்டா முனைக்கு அருகே, தற்காலிகக் கூரை ஒன்றின் கீழ் சிப்பிகளையும் நண்டுகளையும் தின்று தலைவனின் வருகைக்காகக் காத்திருந்த சில பெண்களைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். அவன் இறந்துவிட்டான் என்ற செய்தியை அவர்கள் நம்ப மறுத்தார்கள்.

5

ஜார்ஜின் வழக்கு ஜூன் இறுதியில் தொடங்கியது. அதே ஜூன் 25 இரவுதான் நியூயார்க்கில் ஹாரி தா என்னும் செல்வந்தன், தன் மனைவியின் கற்பை முன்னொரு காலத்தில் குலைத்தவர் என்று சொல்லிக் கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட்டைச் சுட்டான். நாடு முழுக்க 'எழுதப்படாத சட்டம்' பற்றிய பேச்சு. மனைவி, மகள், சகோதரியின் மானத்தைக் கெடுத்தவனைக் கொல்லும் ஆணைத் தண்டிக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டம்.

சியாட்டில் பத்திரிகைகள் ஜார்ஜின் பக்கம் சாய்ந்தன. போர்ட்லேண்டின் அரசு வழக்கறிஞரே, சியாட்டிலின் அரசு வழக்கறிஞர் கென்னத் மெக்கின்டாஷுக்கு ஜார்ஜுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். மெக்கின்டாஷ் அசையவில்லை. கொலை கொலைதான் என்று வழக்கை நடத்தினார்.

எழுதப்படாத சட்டத்தை நீதிமன்றத்தில் வாதமாக வைக்க முடியாது. இங்கேதான் பித்து என்ற சொல்லின் மூன்றாவது பயன்பாடு வருகிறது. மூன்றிலும் இதுவே மிகச் சாதுரியமானது. ஜார்ஜ் சுட்ட வேளையில் சித்தம் கலங்கியிருந்தான் என்பது அவன் தரப்பு வாதம். அப்படியென்றால் அவன் சித்தத்தைக் கலக்கியது எது என்று நடுவர் குழு அறிய வேண்டும். அதற்காகக் கிரெஃபீல்டைப் பற்றி அவன் கேள்விப்பட்ட அத்தனையும் சாட்சியமாக உள்ளே வரலாம். இறந்தவனின் பாவங்களை அடுக்கிக் காட்டுவதற்கு மனநோய் வாதம் ஒரு வாசலாக அமைந்தது. டோனாவின் கணவர் சாட்சி சொன்னார். ஹர்ட் சாட்சி சொன்னார். கடவுளே தன்னைக் கொல்லச் சொன்னார் என்று ஜார்ஜின் தரப்பு சொன்னது. கிரெஃபீல்டும் அதையேதான் வேறு விஷயங்களுக்குச் சொல்லிவந்தான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

அந்த வாதத்தின் மையத்தில் ஒரு பெண் இருந்தாள். எஸ்தர் கெடுக்கப்பட்டாள் என்பதே ஜார்ஜின் விடுதலைக்கான அடிப்படை. அவளோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாள். அவள் சொன்னதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. ஏமாற்றப்பட்டவள், மதிமயங்கியவள், அறியாதவள் என்று அவளுக்காக மற்றவர்கள் பேசினார்கள். ஒவ்வொரு நாளும் அவளுடைய உடலைப் பற்றிய ஊகங்கள் நீதிமன்றத்தில் பேசப்பட்டு, மறுநாள் பத்திரிகையில் அச்சாகி, நகரத்தின் காலை உணவு மேசைகளுக்குச் சென்றன. ஜூலை 10 அன்று நடுவர் குழு ஜார்ஜைக் குற்றமற்றவன் என்றது. கூட்டம் ஆரவாரித்தது.

இரண்டு நாள் கழித்து ரயில் நிலையம். ஜார்ஜுடன் அவனுடைய சகோதரர்கள் பெர்ரியும் பிரெட்டும் இருந்தார்கள். எஸ்தர் அங்கே வந்திருந்தாள். அண்ணன்மார்களுக்கு அவள் விடைகொடுக்க வந்திருப்பதாக எண்ண இடமிருந்தது. அவள் பின்னாலிருந்து சுட்டாள். ஜார்ஜ் கிரெஃபீல்டைச் சுட்டதைப் போலவே, ஒரே குண்டு. துப்பாக்கியை வாங்கியவள் மோட். இருவரும் பேசி முடிவெடுத்ததாக இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் சுட்டாய் என்று கேட்டவர்களுக்கு எஸ்தர் சொன்ன பதிலில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஜார்ஜ் ஒரு குற்றமற்றவரைக் கொன்றான். என்னைப் பற்றிப் பொய் சொல்லி என் பெயரைக் கெடுத்தான்.

முதல் காரணத்தைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இறந்த குருவின்மீது கொண்ட மாளாக் காதல், மந்திரத்துக்குக் கட்டுப்பட்ட பெண் என்று எழுதின. இன்றுவரை இந்த வழக்கு 'காதல் குழு' என்ற அடைமொழியோடுதான் நினைவுகூரப்படுகிறது. இரண்டாவது காரணத்தை ஏறத்தாழ எல்லோருமே கடந்து சென்றார்கள். எனக்கு அதுவே இந்தக் கதையின் அச்சாணியாகத் தெரிகிறது. அண்ணன் சுட்டது குடும்பத்தின் மானத்துக்காக. அவனைக் காப்பாற்றுவதற்காக அந்த மானம் போய்விட்டது என்று பொதுவெளியில் நிறுவ வேண்டியிருந்தது. தன் விடுதலையை அவன் தங்கையின் பெயரைக் கொடுத்து வாங்கினான். மானத்துக்காகக் கொல்லலாம் என்ற அந்த எழுதப்படாத சட்டத்தைத் தங்கையும் படித்திருந்தாள். அதன் பயனாளி ஆண் மட்டுமே என்று அதில் எழுதியிருக்கவில்லையே.

6

எஸ்தருக்கு ஆதரவாக எந்தக் கூட்டமும் ஆரவாரிக்கவில்லை. எழுதப்படாத சட்டம் பற்றி எந்தத் தலையங்கமும் வரவில்லை. மருத்துவர் குழு ஒன்று அவளையும் மோட்டையும் பரிசோதித்துப் பித்துப் பிடித்தவர்கள் என்றது. இது அந்தச் சொல்லின் நான்காவது வருகை. நடுவர் குழுவின் முன்னே நின்று தன் வாதத்தைச் சொல்லும் வாய்ப்பு ஜார்ஜுக்குக் கிடைத்தது; எஸ்தருக்குக் கிடைக்கவில்லை. ஜார்ஜின் பித்து ஒரு நொடியில் வந்து அடுத்த நொடியில் போய்விட்டது. அவனை வாசலுக்கு அனுப்பியது. எஸ்தரின் பித்து அவளை உள்ளே பூட்டியது. விசாரணை நடக்க வேண்டும் என்று மெக்கின்டாஷ் போராடினார். இவர்கள் ஓரிகன்காரர்கள், அங்கேயே அனுப்பிவிடலாம் என்றார் நீதிபதி ஃபிரேட்டர். ஓரிகன் ஏற்க மறுத்தது. விவகாரம் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே, 1906 நவம்பரில், சிறையில் மோட் விஷத்தால் இறந்தாள். எஸ்தர் 1907-இல் ஸ்டெய்லக்கூமில் இருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டாள். 1909-இல் நலமடைந்தவளாக வெளியே வந்தாள். வால்ட்போர்ட் பகுதிக்கே திரும்பினாள். 1914-இல் திருமணம் செய்துகொண்டாள். அதே ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். இருபத்தாறு வயது.

சியாட்டில் அந்தக் கோடையில் இன்னொரு துப்பாக்கிச் சத்தத்தையும் கேட்டது. ஜார்ஜின் விடுதலைக்கு மூன்று நாட்களுக்கு முன், ஜூலை 7 அன்று, செஸ்டர் தாம்சன் என்னும் இளைஞன் முன்னாள் நீதிபதி ஜார்ஜ் மீட் எமரியின் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டான். எமரியின் உறவுக்காரப் பெண்மீது அவனுக்குப் பித்தேறிய ஒருதலைக் காதல். அவனும் மனநோய் வாதத்தால் தண்டனையிலிருந்து தப்பினான். ஒரே வாரத்தில் மூன்று வழக்குகள், ஒரே சொல். பொறுமை இழந்த வாஷிங்டன் மாநிலம் 1909-இல் குற்ற வழக்குகளில் மனநோய் வாதத்தையே ஒழித்துச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே அம்மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. சித்தம் கலங்கியவனைத் தண்டிப்பதும் அநீதி, கலங்காதவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதும் அநீதி. இரண்டுக்கும் நடுவே சட்டம் இன்றும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

7

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். லிண்டா க்ரூ 2001-இல் 'பிரைட்ஸ் ஆஃப் ஈடன்' என்ற நாவலில் மோட்டின் தங்கை மேயின் குரலில் இதைச் சொன்னார். சட்ட வரலாற்றாசிரியர் ஜிம் பிலிப்ஸும் குற்றவியல் ஆய்வாளர் ரோஸ்மேரி கார்ட்னரும் 2003-இல் இரு கொலை வழக்குகளையும் விரிவாக ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகள் இது ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களின் சரக்காகவே இருந்தது: நிர்வாணம், நெருப்பு, தீர்க்கதரிசி, ஏமாந்த பெண்கள்.

கிரெஃபீல்டை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. தன்னை நம்பியவர்களை உறவிலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்தவன், நம்பிக்கையைத் தன் உடலின் தேவைக்குப் பயன்படுத்தியவன். அவன் செய்தவற்றுக்கு ஆதாரங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஆனால் அவனை மட்டுமே பார்ப்பது திகில் நாவலின் பழக்கம். தீமை முழுவதையும் ஒருவனுக்குள் அடைத்து, அவனைக் கொன்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது நம்மைப் பழக்குகிறது. அவன் விழுந்தபோது எதுவும் முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஜார்ஜும் மோட்டும் எஸ்தரும் இறந்தார்கள்.

காதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பித்தேறிய அன்பு யாரிடம் இருந்தது? மண்ணுக்கடியில் கிடந்தவனுக்குச் சோறு போட்ட பெண்களிடமா? தங்கையைக் கேட்காமலே அவளுக்காகக் கொலை செய்த அண்ணனிடமா? மனைவியை மீட்க அவளைப் பித்தர் விடுதிக்கு அனுப்பிய கணவர்களிடமா? ஒவ்வொருவரும் இன்னொருவரின் ஆன்மா தன் பொறுப்பு என்று உறுதியாக நம்பினார்கள். அந்த உறுதிக்கு எதிரே நின்று, நீ சொல்வது என்ன என்று எஸ்தரை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் நினைவில் நிற்பவர் ஹர்ட்தான். அவருடைய வீட்டுப் பொருட்கள் எரிந்தன. அவருடைய வீட்டின் அடியில்தான் எதிரி ஒளிந்திருந்தான். அவருடைய மனைவியும் மக்களும் பித்தர் என்று பெயர் பெற்றார்கள். மகள் சிறையில் இறந்தாள். ஆனாலும் மனைவி மக்களை அவர் ஒதுக்கிவிடவில்லை. காப்பகத்திலிருந்து அவர்கள் வந்தபோதெல்லாம் அந்த வீட்டின் கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது. ஒருமுறை தானும் அந்த நெருப்பின் அருகே நின்றவர் என்பதால், அவர்களைத் தன்னிலிருந்து வேறான மனிதர்களாக அவரால் நினைக்க முடியாமல் போயிருக்கலாம். ஜார்ஜுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறிய அதே மனிதர்தான் அவர் என்பதும் உண்மை. நாவல்களில் இத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. அவர்கள் யாரையும் சுடுவதில்லை.